அப்பத்தா வீட்டு லேண்ட்லைனை ஃபைபருக்கு மாற்றும்போது

கேள்வி இதுதான். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் 84 வயது அப்பத்தா தனியாக இருக்கிறார். பேரன் சென்னையில், மகள் சிங்கப்பூரில். வீட்டில் இன்டர்நெட் கிடையாது, ஸ்மார்ட்போனைக் கையில் கொடுத்தால் ‘இதெல்லாம் நமக்கு ஆகாதப்பா’ என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். 04565 லேண்ட்லைன் ஒன்றுதான் அவருக்குத் தொடர்பு. இப்போது காப்பர் லைனை எடுத்துவிட்டு ஃபைபரில் தருகிறோம் என்கிறார்கள். அவர் பயப்படாமல் இதை எப்படி மாற்றுவது, என்னவெல்லாம் கேட்டு வாங்குவது என்று பேரன் கேட்டிருக்கிறார்.

நான் இந்தச் சுற்றுவட்டாரத்தில் டெலிபோன் லைன் வேலையில் பல வருடம் கிடந்தவன். ஓய்வு பெற்றாலும் தெரிந்த வீடுகளில் இருந்து கூப்பிடுவது நிற்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அப்பத்தாவுக்கு இன்டர்நெட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தெரிய வேண்டியதில்லை. ஃபைபர் லைன் ஒரு சின்னப் பெட்டியில் வந்து முடியும். ஓஎன்டி என்பார்கள், ஊரில் மோடம் என்றே சொல்கிறோம். அதன் பின்பக்கம் பழைய போன் ஒயர் மாட்டுகிற ஜாக் ஒன்று இருக்கும். இப்போது அவர் பேசுகிற அதே போனை, அதே மேசையில் வைத்து, அதில் செருகினால் டோன் வரும். அவர் கை பழகிய இடம், நம்பர், மணிச் சத்தம் மூன்றும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்துக்கொண்டாலும் ஒன்று மட்டும் மாறும்: கரண்ட். நான் பார்த்த வரையில் வயதானவர்கள் வீட்டில் இந்த மாற்றம் சொதப்புவது பெரும்பாலும் அதில்தான்.

பழைய லைனில் எக்ஸ்சேஞ்சில் இருந்தே 48 வோல்ட் கம்பி வழியாக வந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு அறை நிறைய பேட்டரி, கூடவே ஜெனரேட்டர். புயலடித்து ஊரே இருட்டிக் கிடந்தாலும் வீட்டில் போன் மட்டும் உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. ஆக அந்தப் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட்தான் சாப்பாடு. கரண்ட் போன அந்த நொடியில் போனும் போய்விடும்.

கரண்ட் போவதைவிடப் பெரிய தொல்லை, நாமே நிறுத்துவது. தேவகோட்டையில் எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியம்மா வீட்டில் ஃபைபர் போட்ட முதல் வாரம், தினமும் இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் போகவில்லை, காலையில் தானாகச் சரியாகிவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கிற மகள் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள். நேரில் போய்ப் பார்த்தால் கோளாறு எதுவும் இல்லை. பெரியம்மா அறுபது வருடமாகச் செய்வதைத்தான் செய்திருக்கிறார்: படுக்கப் போகும் முன்னால் முகப்பில் இருந்து அடுப்படி வரை ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு வருவது. “ராத்திரி பூரா அது எதுக்குய்யா மினுக்கிக்கிட்டுக் கெடக்கு, கரண்ட் என்ன சும்மாவா வருது” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் சொல்லிவைக்கவில்லை. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். பெட்டி சுமார் 10 வாட் இழுக்கும் என்று வைத்தால் நாள் முழுக்க ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 14, 15 யூனிட்தான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். கணக்கு என்றதும் பெரியம்மா சமாதானமாகிவிட்டார். ஆனாலும் பழக்கம் கணக்கைக் கேட்காது என்பதால், எலக்ட்ரீஷியனை வைத்து சுவிட்சே இல்லாத ஒரு பாயின்ட்டில் பெட்டியை மாட்டச் சொல்லிவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். செய்ய முடியாவிட்டால் சுவிட்சின் மேல் டேப் ஒட்டி ‘போன் – அணைக்க வேண்டாம்’ என்று பெரிதாக எழுதிவையுங்கள். வீட்டு வேலைக்கு வருபவரிடமும் சொல்லுங்கள், மிக்ஸிக்கு பிளக் வேண்டும் என்று பிடுங்குவது பெரும்பாலும் அவர்தான். இந்த வீடுகளில் பழைய இரண்டு பின் சாக்கெட்டுகள் இன்னும் இருக்கின்றன, அதில் அடாப்டர் ஆடிக்கொண்டே நிற்கும். அதையும் ஒரு கையோடு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது மின்தடை. ரௌட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது. அடாப்டரில் என்ன வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதற்குப் பொருந்துவதாக வாங்க வேண்டும், பெரும்பாலும் 12 வோல்ட். ஆனால் சாதாரணமாகக் கிடைப்பவை இரண்டு முதல் நான்கு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வருகிற நம் ஊருக்கு அது காணாது. 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி வைத்த யுபிஎஸ் என்றால் ஐந்தாறு மணி நேரம் எதிர்பார்க்கலாம். வீட்டில் ஏற்கெனவே ஃபேனுக்கும் லைட்டுக்கும் இன்வெர்ட்டர் இருந்தால் தனியாக ஒன்றும் வாங்காதீர்கள், அந்த லைனில் ஒரு பாயின்ட் இழுத்துப் பெட்டிக்குக் கொடுத்தால் போதும். ஒரு ஃபேன் இழுப்பதில் சின்னப் பங்குதான் இது இழுக்கிறது. என்ன, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆள் வேண்டும். தனியாக இருக்கிற ஆச்சிகள் வீட்டில் அந்த பேட்டரி வறண்டு கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இதில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டி எரிந்துகொண்டிருந்தால் மட்டும் போதாது, எதிர்முனையிலும் எரிய வேண்டும். எக்ஸ்சேஞ்சில் இருந்து நேராக வரும் ஃபைபர் என்றால் ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட்டே தேவையில்லை, அதனால் கவலையில்லை. ஆனால் பல ஊர்களில் கடைசி இணைப்பைக் கொடுப்பவர் உள்ளூர் கேபிள்காரர்தான், அவர் கடையில் கருவி வைத்து அங்கிருந்து பிரித்துக் கொடுப்பதும் உண்டு. அப்படியானால் அவர் கடையில் கரண்ட் போனால் தெருவுக்கே போன் செத்துவிடும். “உங்கள் பக்கம் பவர் எத்தனை மணி நேரம் தாங்கும்?” என்று விண்ணப்பம் கொடுக்கும் முன்பே நேராகக் கேட்டுவிடுங்கள். மழுப்பினால் பதில் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். முதலில் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள், யார் பெயரில் இருக்கிறது? செட்டிநாட்டு வீடுகளில் பாதிக்குப் பாதி காலமாகிவிட்ட ஐயா பெயரில்தான் லைன் இருக்கும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். மாற்றும் நேரத்தில் அடையாளச் சான்று கேட்கும்போதுதான் இடிக்கும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு முதலில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள்.

அப்புறம் நம்பர். அதே கம்பெனியில் காப்பரில் இருந்து ஃபைபருக்குப் போனால் பழைய நம்பரையே தரச் சொல்லிக் கேட்கலாம். விண்ணப்பத்தில் அதை எழுத்திலேயே போடச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். வேறு கம்பெனியின் ஃபைபர் மலிவாக இருக்கிறதே என்று தாவினால் நம்பர் போய்விடும். மொபைல் மாதிரி லேண்ட்லைன் நம்பரை ஒரு கம்பெனியில் இருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வசதி நம் நாட்டில் இல்லை. அப்பத்தாவின் நம்பர் வங்கியிலும் கேஸ் ஏஜென்சியிலும் நகரத்தார் கோயில் முகவரிப் புத்தகத்திலும் இருக்கும், பர்மாவில் இருந்து வந்த காலத்துச் சிநேகிதி வீட்டு டைரியிலும் இருக்கும். மாதம் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அதைத் தொலைக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

கட்டணம் எவ்வளவு என்று சொன்னாலும் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் வேண்டாம் என்றாலும் ஃபைபரில் பெரும்பாலும் அதையும் சேர்த்துத்தான் தலையில் கட்டுவார்கள், இருப்பதில் சின்ன பிளான் போதும். பில்லும் ஓடிபியும் போகிற மொபைல் நம்பராக உங்களுடையதைக் கொடுங்கள், பணம் உங்கள் கணக்கில் இருந்து தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். காகித பில் வரும், ஆள் அனுப்பிக் கட்டிவிடலாம் என்று அப்பத்தா காத்துக்கொண்டே இருப்பார், லைன் வெட்டுப்பட்ட பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, பெட்டி. சில ஓஎன்டிகளில் போன் ஜாக்கே இருக்காது, இன்டர்நெட்டுக்கு மட்டும் செய்தவை அவை. விலை குறைவு என்று அதைத்தான் கொண்டுவருவார்கள். ‘போன் போர்ட் உள்ள பெட்டி’ என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வீட்டுக்குள் வருவோம், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. போன் மேசை முகப்பிலோ பட்டாலை என்கிற முன்கூடத்திலோ இருக்கும், அப்பத்தா பொழுதெல்லாம் இருப்பது இரண்டாங்கட்டில், அடுப்படிப் பக்கம். சுண்ணாம்புச் சாந்து பூசிய அந்தத் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபையும் போகாது, கார்ட்லெஸ் போனும் தடுமாறும். அதனால் பெட்டியை முன்பக்கமே வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் ஏற்கெனவே ஓடுகிற பழைய போன் ஒயரையே பயன்படுத்துங்கள். பெட்டியின் போன் ஜாக்கில் இருந்து ஒரு ஒயரைக் கொண்டுபோய்ச் சுவரில் போன் ஒயர்கள் சேர்கிற சின்ன டப்பாவான ரோசெட்டில் சேர்த்தால், அங்கிருந்து உள்ளே போகிற பேரலல் போன்கள் எல்லாம் முன்பு போலவே அடிக்கும். ஆனால் ஒன்று, அதற்கு முன்னால் வெளியே இருந்து வருகிற காப்பர் டிராப் ஒயரை ரோசெட்டில் இருந்து கழற்றித் தனியாக்கிவிட வேண்டும். அந்த 48 வோல்ட்டும், மணியடிக்கும்போது வருகிற அதைவிட அதிக வோல்ட்டும் பெட்டியின் ஜாக்குக்குள் ஏறினால் பெட்டி கெட்டுப்போகும். இன்டர்நெட் மட்டும் போட்டுப் பழகிய புதுப் பையன்களுக்கு இது தெரியாது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

துளை போட விடாதீர்கள். தேக்கு நிலையிலும் ஆத்தங்குடிக் கல்லிலும் டிரில் வைத்துவிட்டுப் போனவர்களை நான் அறிவேன். பங்காளிகளுக்குப் பொதுவான வீடு என்றால் அந்த ஒரு துளைக்காகப் பத்து வருடம் பேச்சு நின்றுபோகும். பழைய ஒயர் வந்த ஓட்டை எங்காவது இருக்கும், இல்லாவிட்டால் மேலே காற்றுப்போக்கி வழியாகக் கொண்டுவரலாம். ஃபைபரை ஆணியில் சுற்றுவதும், கதவிடுக்கில் மடக்குவதும் கூடாது, உள்ளே இழை நொறுங்கிவிடும். எலி, அணில் ஓடுகிற விட்டத்தோரம் போனால் ஒரு பிவிசி குழாய்க்குள் விடச் சொல்லுங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மழை பெய்தால் கரகரவென்று இரைவது, தெருவில் பள்ளம் தோண்டினால் மூன்று வாரம் டெட், கம்பித் திருட்டு, இதெல்லாம் காப்பரோடு போகும். இடி இடித்தால் லைன் வழியாக வந்து போனைச் சுட்டுவிட்டுப் போவதும் வெகுவாகக் குறையும், கண்ணாடியில் மின்சாரம் ஏறாது. ஆனால் தாங்கலுக்கு இரும்புக் கம்பி சேர்த்த டிராப் கேபிளும் உண்டு, அந்தக் கம்பியை வீட்டு வாசலோடு வெட்டி நிறுத்திவிட வேண்டும்.

போன் செட்டைப் பொறுத்தவரை, ஒயர் உள்ள சாதாரண பட்டன் போன்தான் சிறந்தது. கார்ட்லெஸ்ஸுக்குத் தனியாக ஒரு கரண்ட் வேண்டும். வீட்டில் ஐயா காலத்துச் சுழற்றுகிற போன் இருந்தால், அதற்கு வருகிற கால் பெரும்பாலும் வரும், பேசலாம். ஆனால் அதில் சுழற்றி அழைப்பதைப் பல பெட்டிகள் புரிந்துகொள்ளாது. பட்டன் போனிலும் அடியில் ‘பி’, ‘டி’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அது ‘டி’ பக்கம் இருக்க வேண்டும். ‘பி’ பக்கமே இருபது வருடம் இருந்த போனை, ‘ஃபைபர் வந்ததும் கெட்டுப்போச்சு’ என்று தூக்கி எறியப் போனதைத் தடுத்திருக்கிறேன். பழைய மணி வைத்த போன்களாக மூன்று நான்கைச் சேர்த்து மாட்டினால் மணி மெலிந்துவிடும், ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாட்ட வருகிற நாளில் வீட்டில் நீங்கள் இருந்தே ஆக வேண்டும், லீவு போட்டாவது. பள்ளத்தூரில் ஒரு வீட்டில், கம்பெனி பெயர் எதற்கு, ஆள் வந்தார், ஃபைபர் இழுத்தார், தன் மொபைலில் ஸ்பீடு பார்த்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்டர்நெட் பறக்கிறது, போனில் டோன் இல்லை. பேச்சு லைனுக்கான விவரங்களைப் பெட்டியில் தனியாக ஏற்ற வேண்டும், அதை அவர் செய்யவே இல்லை. அந்த வீட்டு ஆச்சிக்கு இன்டர்நெட்டால் என்ன பிரயோஜனம்? பதினோரு நாள் ஆனது சரிசெய்ய. அதனால் டோன் வந்து, வருகிற கால் ஒன்று, போகிற கால் ஒன்று பேசிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

என்னென்ன போட்டுப் பார்ப்பது? உள்ளூர் ஆறு இலக்க நம்பர் அப்படியே போகிறதா, முன்னால் 04565 சேர்க்கச் சொல்கிறதா என்று பாருங்கள். மொபைலுக்கு முன்னால் 0 போட வேண்டும், அது 2021 ஜனவரி 15 முதல் எல்லா லேண்ட்லைனுக்கும் உள்ள விதிதான், அப்பத்தாவுக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருக்கும். சிங்கப்பூரில் இருந்து ஒரு கால் வரச் சொல்லுங்கள். பிறகு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு யுபிஎஸ்ஸில் ஒரு தடவை பேசுங்கள். குரல் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், அப்பத்தா ‘கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு’ என்று சொன்னால் சத்தத்தைக் கூட்டிக் கொடுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். முடிந்தால் அந்த ஒரு வாரம் காப்பரையும் (ரோசெட்டில் சேர்க்காமல், தனியாக) துண்டிக்காமல் வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஃபைபரே தெருவுக்கு வரவில்லை என்றால் சிம் போடுகிற மேசை போன் இருக்கிறது. பார்க்க லேண்ட்லைன் மாதிரியே, உள்ளே பேட்டரியும் உண்டு, மின்தடைக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் நம்பர் மாறும். மலிவாகக் கிடைப்பவை 2ஜி மட்டும், அதில் ஜியோ சிம் வேலை செய்யாது, 4ஜி பேச்சு வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உள்கட்டில் சிக்னல் இருக்காது, வளவு (நடு முற்றம்) ஓரம் வைத்தால்தான் எடுக்கும். ஃபைபர் வந்தாலும்கூட, துணைக்கு ஒரு சாதாரண பட்டன் மொபைல் இருப்பது நல்லது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அதையும் சார்ஜில் போடச் சொல்லுங்கள், அப்படி ஒரு கொக்கி மாட்டிவிட்டால் மறக்காது.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் ‘இங்கே தேதி குறித்துவிட்டார்கள், அங்கேயும் அப்படியா’ என்று கேட்பார்கள். பிரிட்டனில் பழைய போன் நெட்வொர்க்கை 2025 கடைசியில் மூடுவதாக இருந்து, 2027 ஜனவரிக்குத் தள்ளினார்கள். வயதானவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசர பட்டன்கள் புது லைனில் வேலை செய்யாமல் போனதால், 2023 டிசம்பரில் கட்டாய மாற்றங்களையே கொஞ்சம் நிறுத்திவைத்தார்கள். மின்தடையில் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு போக வழி செய்ய வேண்டும் என்று அங்கே கம்பெனிகளுக்கு விதி. இங்கே நாடு முழுக்க ஒரே தேதி இல்லை, எக்ஸ்சேஞ்ச் எக்ஸ்சேஞ்சாக நடக்கிறது. யுபிஎஸ் நம் பாடு.

தேதி இல்லாததில் ஒரு ஆபத்தும் உண்டு. ‘இரண்டு மணி நேரத்தில் உங்கள் போன் துண்டிக்கப்படும், 9ஐ அழுத்துங்கள்’ என்று வருகிற கால் மோசடி. லைன் மாறப்போகிறது என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிற அப்பத்தா இதை நம்பிவிடுவார். ‘பேரன் சொல்லாமல் போனைப் பற்றி யார் பேசினாலும் வைத்துவிடுங்கள்’ என்று ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.

போன் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டுங்கள். 108, 112, உங்கள் நம்பர் (முன்னால் 0 போட்டு), பக்கத்து வீடு, கேபிள்காரர், மூத்த குடிமக்களுக்கான 14567. பெட்டியில் ‘லாஸ்’ என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஃபைபர் அறுந்திருக்கிறது, கேபிள்காரரைக் கூப்பிட வேண்டும். எந்த விளக்குமே இல்லாவிட்டால் கரண்ட், பிளக்கைப் பார்க்க வேண்டும். அப்பத்தாவுக்கு இந்த இரண்டு போதும், ‘பான்’ விளக்கு பச்சையாக நிற்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு. பெட்டியில் ரீசெட் என்று ஒரு ஊசித்துளை இருக்கும், லீவுக்கு வருகிற பிள்ளைகள் வைஃபை வரவில்லை என்று அதில் குத்துவார்கள். குத்தினால் பேச்சு லைன் விவரம் அழிந்து போன் ஊமையாகிவிடும். அதன் மேல் ஒரு துண்டு டேப்.

செய்தித்தாளில் உங்கள் ஊருக்கு அடுத்த பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவைத்துக்கொண்டு, அன்றைக்கு மதியம் இரண்டு மணிவாக்கில் சென்னையில் இருந்து ஒரு போன் போடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் பட்டாலையில் சாய்ந்திருக்கிற நேரம், ‘தூங்கவிடுறியாடா’ என்று திட்டு விழும். திட்டு விழவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குப் போட்டு, யுபிஎஸ்ஸில் விளக்கு எரிகிறதா என்று ஒரு எட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.